ஊர் வழியை விற்க உரிமை தந்தவர் யார்?

வலிகாமத்திலுள்ள ஊர் ஒன்றைப் பற்றி எழுதுகின்றோம். அதன் பெயரை இங்கு குறிப்பிடப் போவதில்லை. விவகாரம் நீதிமன்றுக்குப் போகவேண்டி நேரலாம். அதற்கு முன் பெயர்களைப் பத்திரிகையில் இழுப்பது முறையன்று. ஆயினும், தம் ஊர்ப் பாதையைப் பறிகொடுத்த எவரும் இதனைத் தம் ஊரென்றே எண்ணிக்கொள்ளலாம். பெரிய தவறு நேர்ந்துவிடாது.

அவ்வூர்ப் பிள்ளையார் கோயிலின் வடக்கு வீதியில் தொடங்கி, பனங்கூடல் ஒன்றினூடாகச் சென்று, பொதுக் கிணற்றைத் தொட்டு, தோட்ட நிலங்களைக் கடந்து வயல்வெளியிற் போய் முடிகின்றது ஒரு பாதை. நீளம் ஏறத்தாழ 400 யார். சில இடங்களில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வேலியோடு ஒதுங்கி நிற்கவேண்டும். அவ்வளவே அதன் அகலம். அதற்குத் தார் போட்டவர் எவருமிலர். பெயர்ப்பலகை நட்டவரும் இலர். கோயிலடிப் பாதை என்பர் சிலர். கிணற்றடி ஒழுங்கை என்பர் வேறு சிலர். எப்போது உண்டாயிற்று என்று கேட்டால், எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர், "நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலேயே மண் குழிஞ்சு கிடந்தது தம்பி" என்று விடை கூறினார். சட்டம் படித்த நாம் இதைவிடச் சிறந்த சாட்சியம் அதிகம் கேட்டதில்லை.

இப்பாதை ஊடறுத்துச் செல்லும் பனங்கூடல் 24 பரப்பு. அதாவது ஒன்றரை ஏக்கர். உரிமையாளர் வெளிநாட்டில் வாழ்ந்தவர். காணி கைமாறிற்று. வாங்கியோர் அதனை 14 துண்டுகளாக்கி வீடு கட்டி விற்கப் போகின்றனர். வரைபடத்திற் பார்த்தால் பாதை காணியின் நடுவே மூலைக்கு மூலை ஓடுகின்றது; அதனை அப்படியே விட்டால் மூன்று துண்டுகள் கெட்டுவிடுமாம். ஆகவே பாதையைத் 'திருப்பி' விடுவதெனத் தீர்மானித்தனர். திருப்பிவிடப்படும் பாதை எப்படிப் போகின்றது? கோயிலிலிருந்து தார் வீதிக்கு ஏறி, வாகனங்கள் விரையும் அவ்வீதியின் ஓரமாக நடந்து, மாரியில் வெள்ளம் தேங்கும் பள்ளக் காணியொன்றின் எல்லையால் இறங்கி, பின்பு கிணற்றடியை அடைய வேண்டும். 400 யார் 1,100 யாராகின்றது.

இதற்குச் சபை என்ன செய்தது? ஆட்சேபம் இல்லை என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. விவாதம் நடைபெற்றதாகக் கூட்டக் குறிப்பிற் காணோம். அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டதாம். எங்கே? பாதையின் தலைப்பிலா, கிணற்றடியிலா, கோயில் மதிலிலா? இல்லை. சபைக் காரியாலயத்தின் அறிவித்தற் பலகையில், கேள்விப்பத்திரக் கோரிக்கைக்கும் நாய்களுக்கான விசர்நோய்த் தடுப்பூசி விளம்பரத்துக்கும் இடையில்! அதிகாலையில் மண்வெட்டியோடு வயலுக்குப் போகின்ற கமக்காரர் அங்கே போய்ப் படித்திருக்க வேண்டுமென எதிர்பார்த்தனர் போலும்.

வீடு கட்டுவதை நாம் எதிர்க்கவில்லை. இதனை இவ்விடத்திலேயே கூறிவிடுகின்றோம். ஏனெனில், இக்கட்டுரை வெளிவந்த மறுநாளே அபிவிருத்தியின் விரோதிகள் என்னும் பட்டம் எமக்குச் சூட்டப்படும். எத்தனை குடும்பங்கள் யுத்தத்திற் கூரை இழந்தன, எத்தனை குடும்பங்கள் தகரக் கொட்டிலில் ஆண்டுகளைக் கழித்தன என்பதை நாமும் அறிவோம். இந்திய வீடமைப்புத் திட்டம் வந்தபோது பயனாளிகள் பட்டியலில் இடம் கிடைக்காத ஏழைகளுக்காக மனு எழுதிக் கை சலித்தவர் நாம். வீடு வேண்டும், நிறைய வேண்டும். ஆயின் 14 குடும்பங்களுக்கு வீட்டு வாசலைத் திறப்பதற்காக ஊர் முழுவதற்கும் உரிய வாசலை மூடவேண்டும் என்பது எந்த நியாயம்? அந்தப் பதினான்கில் ஒன்றேனும் கொட்டிலில் இருந்தோருக்குக் கிடைக்கப் போகின்றதா? விலையைக் கேட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

"அது தனியார் காணி. தம் காணியைத் தாம் விரும்பியபடி செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு" என்கின்றார் சபை உறுப்பினர் ஒருவர். கற்றவர்தாம். ஆகவே சற்று விளக்கமாகவே விடை கூறுவோம்.

எம் நாட்டின் வழியுரிமைச் சட்டம் உரோம ஒல்லாந்தச் சட்டத்திலிருந்து வந்தது. மனிதர் நடந்து செல்லும் உரிமை வேறு, ஆடு மாடு ஓட்டிச் செல்லும் உரிமை வேறு, வண்டி கொண்டு செல்லும் உரிமை வேறு என்று மூவகையாக அச்சட்டம் வகுத்துரைக்கும். அயல் காணிக்காரர் ஒருவர் இன்னொருவரின் காணியினூடாகக் குறித்த ஒரு தடத்திற் பத்து ஆண்டுகள் தடையின்றி, அனுமதி கேளாது, உரிமையெனக் கொண்டு நடந்திருப்பாராயின், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அவர் உரிமையைக் காக்கும். வேறு வழியே இல்லாத காணிக்கு அவசிய வழி கேட்கும் உரிமையும் உண்டு. இவை தனியார்க்கும் தனியார்க்கும் இடைப்பட்டவை.

பொதுவழி என்பது இவற்றின் வேறானது. அது இன்னாருக்கு என்று இன்றி எல்லாருக்கும் உரியது. நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு ஊரார் நடந்து வந்த தடம் பொதுவழியாகிவிடுகின்றது. காணி ஒருவருடையதாக இருக்கலாம். அதன்மேல் நடக்கும் உரிமை ஊருடையது. காணிக்காரர் காணியை விற்கலாம். உரிமையை விற்க முடியாது. தம்மிடம் இல்லாத ஒன்றை ஒருவர் எவ்வாறு விற்பார்? வாங்கியவரும் அந்தப் பாதையோடு சேர்த்தே வாங்கினார். பனை மரங்களை எண்ணிப் பார்த்து விலை பேசியவருக்குப் பாதை மட்டும் கண்ணிற் படவில்லையா?

சபைக்கும் அவ்வுரிமை இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் போக்குவரத்துப் பாதைகள் ஆகியவற்றை நிருவகிக்கும் கடமையையும், மக்களின் வசதியையும் நலனையும் பேணும் கடமையையும் சபையிடம் ஒப்படைக்கின்றது. ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவன் காவற்காரன். காவற்காரன் பொருளை எடுத்துக் கொடுத்தால் அவனுக்கு ஊரில் என்ன பெயர் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

அந்த உறுப்பினருக்கு இன்னுமொன்று. காணி என்பது உடையவன் ஒருவனின் விருப்பு மட்டுமே என்று எம் முன்னோர் ஒருபோதும் கொண்டதில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையிலும், அதன் வழிவந்து இன்றும் நடைமுறையில் உள்ள 1947ஆம் ஆண்டின் முன்வாங்கும் உரிமைச் சட்டத்திலும், தன் பங்கை விற்கப் போகின்றவன் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டுமென்றே விதி இருக்கின்றது. விற்பவனுக்குப் பக்கத்தில் வேறு மனிதர் இருக்கின்றனர் என்று கண்ட சட்டம் அது.

யாழ்ப்பாணத்து உறுதிகளை எடுத்துப் பாருங்கள். "வீடு, வளவு, கிணற்றிற் பங்கு, வழி வாய்க்கால்" என்று தொடர்ந்து வரும். எமது பாட்டன்மார் நிலத்தை மட்டும் எழுதி வைக்கவில்லை. நிலத்துக்குப் போகும் வழியையும், நிலத்துக்கு நீர் போகும் வழியையும் சேர்த்தே எழுதி வைத்தனர். வழியற்ற காணி காணியன்று என்பது அவர்தம் எண்ணம். எல்லை குறிக்கும்போது கிழக்கு ஒழுங்கை, தெற்குப் பாதை என்று எழுதினார்களே, அவ்வொழுங்கைகள் எவ்வாறு உண்டாயின? இருபுறத்துக் காணிக்காரரும் தத்தம் வேலியைச் சற்றே உள்ளே இழுத்து நட்டு விட்டுக்கொடுத்த நிலமல்லவா அவற்றுட் பல? அரசாங்கம் இழப்பீடு கொடுத்துச் சுவீகரித்ததன்று. ஊர் ஊருக்குக் கொடுத்தது.

இவ்விடத்தில் எம் தொழிலாரையும் சும்மா விடுவதற்கில்லை. பழைய உறுதியில் இருந்த 'வழி வாய்க்கால்' புதிய உறுதியில் எப்படி மறைந்து போகின்றது? நொத்தாரிசின் பேனா அதனைத் தாண்டிச் செல்கின்றது. பழைய வரைபடத்தில் புள்ளிக் கோடாகத் தெரிந்த ஒற்றையடிப் பாதை, புதிய நில அளவை வரைபடத்தில் எப்படி அழிகின்றது? அளவையாளர் நிலத்தைப் பார்த்து வரைந்தாரா, காசு கொடுத்தவரைப் பார்த்து வரைந்தாரா? எல்லாரும் அப்படியல்லர். நேர்மையாளர் பலரை நாம் அறிவோம். அவர்கள் எம்மீது சினங்கொள்ளார். சினங்கொள்வோர் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தவராவர்.

"மாற்றுப்பாதைதான் கொடுக்கின்றார்களே!" என்பது அடுத்த வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆகவே மாற்றுப்பாதையில் நாமே நடந்து பார்த்தோம். பொழுது பட்டிருந்தது. தார் வீதியின் ஓரத்தில் நடைபாதை என்பதே இல்லை. தனியார் பஸ் ஒன்று எம் தோளை உரசுவது போலக் கடந்தது. பள்ளக் காணியின் எல்லையில் இறங்கினால் கால் புதைகின்றது. அதுவும் மழை பெய்து ஐந்தாறு நாள் கழிந்த பின்னர். மார்கழியில் அங்கே முழங்கால் அளவு நீர் நிற்குமென்று கூட வந்தவர்கள் கூறினர். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழை பெய்தபோது குடாநாட்டின் தாழ்நிலங்கள் எப்படிக் கிடந்தன என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார். பழைய பாதை ஏன் மேட்டினூடாகப் போகின்றது? அதனை வகுத்தவர் பொறியியலாளர் அல்லர். நடந்தவர்களின் கால்களே வகுத்தன. கால் மேட்டைத்தான் தேடிப் போகும்.

அதுமட்டுமன்று. ஒழுங்கை என்பது மனிதர் போகும் வழி மாத்திரமா? மாரி வெள்ளம் வழிந்தோடும் வழியும் அதுவே. பனங்கூடலை மண் கொட்டி உயர்த்தி, சுற்றிவர மதில் எழுப்பினால், இதுவரை அப்பாதையால் வயலுக்கு ஓடிய வெள்ளம் எங்கே போகும்? கோயில் வீதிக்கும் அதனையடுத்த குடிமனைகளுக்கும் திரும்பும். அந்த மாரியில் சபை உறுப்பினர்கள் சாப்பாட்டுப் பொதியும் பாயும் விநியோகித்துப் படம் பிடித்துக்கொள்ளலாம்.

700 யார் கூடுதல். அவ்வளவுதானே, சைக்கிளில் மூன்று நிமிஷம் என்று காரில் வந்திறங்கிய ஒருவர் கூறினார். மூன்று நிமிஷம் யாருக்கு? சைக்கிள் கரியரில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கட்டி, கைப்பிடியில் மண்ணெண்ணெய்க் கானைத் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போகும் தோட்டக்காரருக்கா? வெங்காயத்துக்கு நாள் தவறாமல் இறைக்க வேண்டுமே. ஒரு நாளில் எத்தனை முறை போய் வருகின்றார் என்று கேட்டீர்களா? பழுத்த புகையிலையைத் தலையில் சுமந்து வரும் பெண்ணுக்கா? இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகப் பொதுக் கிணற்றிலிருந்து திரும்பும் தாய்க்கா? அவளுக்கு 700 யார் ஒரு தடவைக்கு. போக்கும் வரவுமாக 1,400. காலை இருமுறை, மாலை இருமுறை என்றால் 5,600 யார். மூன்று மைலுக்கு மேல்! தண்ணீர் கொண்டு வருவதற்காக மட்டும் அத்தாய் நாள்தோறும் கூடுதலாக நடக்கப்போகும் தூரம் இது. கணக்குப் பார்க்கத் தெரிந்த சபை, துண்டுகளை மட்டுமே எண்ணிற்று.

அந்தத் தாய் யார்? பாதையை நாள்தோறும் உபயோகிப்போர் சில குடும்பங்களே என்று சபையின் குறிப்பு கூறுகின்றது. சில குடும்பங்களே! அச்சொல்லின் உட்பொருள் யாது என்பதை ஊரார் அறிவர். கண்ணியமான பத்திரிகைகள் அதனை எழுதுவதில்லை. நாம் எழுதுகின்றோம். கிணற்றுக்கு அப்பால் வாழும் அக்குடும்பங்கள் காணியற்றவை. தலைமுறை தலைமுறையாகப் பிறர் தோட்டத்திற் கூலிக்கு உழைத்தவை. கோயிலின் உள்வீதிக்கு எம் முன்னோர் ஒரு காலத்தில் அனுமதிக்க மறுத்தவை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவின் முன் மக்கள் நின்று போராடினர். பொதுக் கிணறும் பொதுப் பாதையும் எல்லாருக்கும் உரியன என்னும் நிலையை அடைய இம்மண்ணில் எத்தனை அடி, எத்தனை அவமானம்! இன்று எவரும் சாதியின் பெயரால் "வராதே" என்று சொல்வதில்லை. மதில் கட்டிவிடுகின்றனர். மதிலுக்கு வாய் இல்லை. ஆகவே குற்றமும் இல்லை.

முன்பு வேலி இருந்தது. கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வரிந்த வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புகுந்து ஓடவும், நெருப்புக்கொள்ளி வாங்கப் போகவும், இரவில் யாருக்காவது சுகமில்லையென்றால் அயலவர் ஓடி வரவும் அந்தப் பொட்டு உதவிற்று. வேலிச் சண்டையும் போட்டோம், மறுப்பதற்கில்லை. அரை அடி நிலத்துக்காக நீதிமன்றேறிக் காணி முழுவதையும் சட்டத்தரணிகளுக்கு எழுதிக் கொடுத்த புண்ணியவான்கள் எம் குடாநாட்டில் உண்டு. அவர்களால் வாழ்ந்தவர்களுள் நாமும் அடக்கம். ஆயினும் வேலிக்குள் ஒரு பொட்டை விட்டு வைத்த மனம், ஒன்பதடி மதிலுக்குள் இல்லை.

மதிலை எழுப்புவோர் அந்நியரல்லர் என்பதே எம் நெஞ்சைச் சுடுகின்றது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஒரே நாளில் உடுத்த உடையோடு எழுந்தோடியபோது, அவர்களின் காணியோடு ஒழுங்கைகளும் முட்கம்பிக்குள் போயின. 2009க்குப் பின் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. திரும்பிப் போனோர் என்ன கண்டனர்? வீடு இல்லை; கிணறு தூர்ந்து கிடந்தது; எல்லைக்கல் இல்லை; ஒழுங்கை எங்கே என்று தெரியவில்லை. பற்றைக்குள் நின்று, இது எம் வாசலா அயலவர் வாசலா என்று அறியாது தவித்தவர்களை நாம் கண்டோம். வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி, மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக மூடப்பட்டிருந்து, 2025 ஏப்ரலில் நிபந்தனைகளோடு திறக்கப்பட்டது. அவ்வீதியைத் திறவுங்கள் என்று நாம் மேடைதோறும் முழங்கினோம். சரியாகவே முழங்கினோம். மூடப்பட்ட வீதி ஓர் இனத்தின் குரல்வளையில் வைத்த கை என்று பேசினோம். அப்படிப் பேசிய அதே வாயால், இன்று 400 யார் பாதை ஒன்றை மூடுவதற்கு ஆட்சேபம் இல்லை என்கின்றோமா?

இராணுவம் மூடினால் அநீதி. எம்மவர் மூடினால் அபிவிருத்தி! கொழும்பிலுள்ளோர் இதனைக் காட்டி எம்மை நகைக்கும் நாளில் என்ன விடை கூறப் போகின்றோம்? காணி அதிகாரத்தைத் தாருங்கள் என்று 1957இல் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தக் காலத்திலிருந்து கேட்டு வருகின்றோம். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் வந்தும் அவ்வதிகாரம் முழுமையாகக் கைக்கு எட்டவில்லை. 2018 அக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளும் கலைந்து, ஈராண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகளின் கையில் இருந்தன. 2025 மே 6இல் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்துத் தமிழ்க் கட்சிகளிடம் வடக்கின் சபைகள் பலவற்றை ஒப்படைத்தனர். எதற்காக? எம் நிலத்தை எம்மவர் காப்பர் என்னும் நம்பிக்கையில். கைக்கு வந்த சிறிய அதிகாரத்தை இப்படிப் பிரயோகிப்போரிடம் பெரிய அதிகாரத்தை ஒப்படைக்கலாமா என்று கமக்காரர் ஒருவர் எம்மைக் கேட்டார். எமக்கு உடனே விடை வரவில்லை.

வேடிக்கை ஒன்றுண்டு. இவ்வீடுகளை முன்கூட்டியே பதிவு செய்தோருட் பலர் இங்கிலாந்தில் வாழும் எம் உறவினர் என்று அறிகின்றோம். அவர்கள் வாழும் அந்நாட்டில் இக்காரியம் எவ்வாறு நடைபெறும்? அங்கேயும் வீடுகளுக்கு இடமளிக்க ஒற்றையடிப் பாதைகளைத் திருப்பத்தான் செய்கின்றனர். 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தின் 257ஆம் பிரிவு அதற்கென்றே உள்ளது. ஆனால், வரைவு ஆணையை உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். பாதையின் இரு முனைகளிலும் அறிவித்தலை வரைபடத்தோடு நாட்ட வேண்டும். 28 நாட்களுக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும். ஒருவரேனும் ஆட்சேபித்து அதைத் திரும்பப் பெறாவிடின், உள்ளூர்ச் சபை தானே அவ்வாணையை உறுதிப்படுத்த முடியாது; அமைச்சரின் சார்பில் பரிசோதகர் வந்து விசாரிப்பார். ஆணை உறுதியாகுமுன் பாதையை மறித்தாற் குற்றம். ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே என்பது அந்நாட்டின் பழஞ்சட்ட வாக்கு.

அதுவும் அங்கே தானாக வந்ததன்று. 1932 ஏப்ரல் 24இல், பிரபுக்களின் வேட்டைக்கென அடைத்து வைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் தொழிலாளர் கூட்டமாக ஏறி நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். பின்னர் 1949இல் வந்த சட்டமே, நாட்டின் ஒற்றையடிப் பாதைகளையெல்லாம் உத்தியோகபூர்வ வரைபடத்திற் குறித்து வைக்க வழிசெய்தது. அப்படி உழைத்துக் காத்த பாதைகளிற்றான் இலண்டனுக்கு வெளியே ஞாயிறுதோறும் எம் உறவினர் பிள்ளைகளோடு உலாப் போகின்றனர். அங்கே நடந்து மகிழும் கால்கள் இங்கே நடக்கும் கால்களை மறிக்க வேண்டாம் என்று அவர்களுக்கு அன்போடு எழுதுகின்றோம். அவர்களுட் பெரும்பாலோர் விஷயம் அறியாதவர். அறிந்தால் நாணுவர் என்பது எம் நம்பிக்கை.

பாதையை ஒருபோதும் திருப்பலாகாது என்பதன்று எம் கட்சி. ஆற்று வெள்ளமும் மக்கட் பெருக்கமும் பாதையைத் திருப்பத்தான் செய்கின்றன. திருப்புவதானால், புதிய பாதை முதலில் அமையட்டும்; மழைக்கு மேலே நிற்கும்படி மண்ணிட்டு, வெள்ளவாய்க்கால் வெட்டி, விளக்கும் போட்டு முடியட்டும். நில அளவையாளர் அதனை அளந்து, பொதுவழியென வரைபடத்திற் குறித்து, காணிப் பதிவகத்திற் பதியட்டும். நடப்போரைக் கூட்டி, நடந்து காட்டி, சம்மதம் பெறட்டும். அதன்பின் பழைய பாதையைக் குறித்துப் பேசலாம். உண்மையில், இந்தப் பனங்கூடலில் அதற்கும் அவசியமில்லை. வரைபடத்தை நாமும் பார்த்தோம். 14 துண்டுகளை 12 ஆக்கினால் பாதை தன் இடத்திலேயே நிற்கும். வீட்டுக்காரருக்கும் கோயிலுக்குக் குறுக்கு வழி கிடைக்கும். இரண்டு துண்டின் இலாபத்துக்கும் ஓர் ஊரின் வழிக்கும் இடையிலான வழக்கே இது.

இனிச் செய்யவேண்டியவை சில உள. அவ்வூர் மக்களுக்காக எழுதுகின்றோம். ஏனைய ஊரவரும் குறித்துக்கொள்ளலாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தீர்மானம், விண்ணப்பம், அங்கீகரித்த வரைபடம் ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுள் முடிவு கூற வேண்டும். இந்நாட்டுக் குடிமக்கள் எவரும் கேட்கலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. பொதுவழி மறிக்கப்பட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி தடையை அகற்றுமாறு கட்டளையிட நீதவானுக்கு அதிகாரமுண்டு. வழியுரிமை பற்றிய தகராற்றால் சமாதானக் குலைவு ஏற்படுமாயின், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி முதனிலை நீதிமன்றை நாடலாம்; பொலிசார் வழக்கிட மறுத்தாலும் தரப்பினரே சத்தியக் கடதாசியோடு போகலாம். மதிலை இடிக்கப் போகாதீர்கள். இடித்தால் வழக்கு மாறிவிடும். நீங்கள் எதிரிக் கூண்டில் நிற்க, பாதையைப் பற்றி எவரும் பேசார். தாமதிக்கவும் வேண்டாம். நடக்காதிருந்த ஒவ்வொரு மாதமும் எதிர்த்தரப்பாரின் சத்தியக் கடதாசியில் ஒரு வரியாக வந்து நிற்கும். ஆகவே அத்திவாரம் வெட்டும் நாள்வரை, காலையும் மாலையும் அப்பாதையாலேயே நடவுங்கள்.

பழைய உறுதி, தோம்புப் பிரதி, கோயில் திருவிழாவில் சுவாமி அப்பாதையால் எழுந்தருளிய புகைப்படம், பள்ளிக்கூடத்து இடாப்பு, எதுவாயினும் எடுத்து வையுங்கள். 'வழி வாய்க்கால்' என்ற சொல் உள்ள உறுதி ஒன்று நூறு சொற்பொழிவுக்குச் சமம். எண்பது வயது ஆச்சியின் வாக்குமூலத்தை இவ்வாரமே சத்தியக் கடதாசியாக எழுதுகின்றோம். அவர் வயதொத்த வேறு எவரேனும் இருந்தால், வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்ளச் சித்தமாயிருக்கின்றோம். இதற்குக் கட்டணம் இல்லை.

சபையின் அடுத்த அமர்வில் அத்தீர்மானத்தை இரத்துச் செய்யும் பிரேரணை ஒன்றைக் கொண்டுவருமாறு, நாம் வாக்குக் கேட்டு வீடு வீடாக அலைந்து தெரிவு செய்வித்த உறுப்பினர்களிடமே மனுக் கொடுத்திருக்கின்றோம். அமர்வு பொதுமக்கள் பார்வைக்கு உரியது. வயல் வேலை முடிந்ததும் கால் கழுவிக்கொண்டு வாருங்கள். கழுவ நேரமில்லையேல் சேற்றோடு வாருங்கள். யார் கை உயர்த்துகின்றார், யார் உயர்த்தவில்லை என்று பார்த்து, பெயர் பெயராக அடுத்த இதழில் எழுதுவோம்.